விண்வெளியில் மனித உருவம் எதற்கு? – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

விண்வெளி வீரர்களுக்கு உதவும் மனித உருவ ரோபோக்களைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். எல்லாமே மிதக்கும் இடத்தில் ஓர் இயந்திரத்துக்குத் தலையும் தோளும் கால்களும் எதற்கு? பார்ப்பவர்களைக் கவர்வதற்காக மட்டும்தானா?

மாதவி

அன்புள்ள மாதவி,

கால்களைப் பொறுத்தவரை உங்கள் ஐயம் நியாயமானது. கைகளைப் பொறுத்தவரை நான் உடன்படவில்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தின் கைப்பிடிகளும் விசைகளும் கருவிகளும் மனிதக் கையின் அளவுக்குச் செய்யப்பட்டவை. அவற்றை மாற்றாமலே கையாள வேண்டுமென்றால் இயந்திரத்துக்கும் அப்படியொரு கை தேவை. நாசாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கி, 2011 பிப்ரவரியில் டிஸ்கவரி விண்வெளி ஓடத்தில் அனுப்பிய ரோபோனாட் 2 என்ற மனித உருவ ரோபோ இந்த எண்ணத்தில் பிறந்ததே. நம் விரல்களை முன்கைத் தசைகள் நாண்கள் வழியே இழுப்பதைப் போல, அதன் விரல்களை முன்கையில் அமைந்த மோட்டார்கள் இழைகள் வழியே அசைத்தன. அந்தக் கையின் வடிவமைப்பு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இடுப்புக்கு மேற்பட்ட உடலாக மட்டுமே சென்ற அது விசைகளை இயக்கியது, காற்றோட்டத்தை அளந்தது, கைப்பிடிகளைத் துடைத்தது. சிறிய வேலைகள்தாம், ஆனால் ஆய்வுக்குச் செல்ல வேண்டிய வீரர்களின் நேரத்தை விழுங்குபவை இத்தகைய வேலைகளே. 2014இல் அதற்குப் பொருத்தப்பட்ட கால்கள் நடப்பதற்கானவை அல்ல. ஒவ்வொன்றிலும் ஏழு மூட்டுகளும், பாதத்தின் இடத்தில் கைப்பிடியைப் பற்றிக்கொள்ளும் பிடியும் இருந்தன. மாறாக, 2019 ஆகஸ்ட்டில் மனிதக் கால்களோடு சென்ற ரஷ்யாவின் ஃபெடோர் என்ற ரோபோ ஏறத்தாழ இரண்டு வாரங்களிலேயே திரும்பியது. நீண்ட கால்கள் விண்நடைக்கு ஏற்றவை அல்ல என்று அதை உருவாக்கியவர்கள் தரப்பிலேயே கூறப்பட்டது.

ஆனால் உருவத்தைவிடப் பெரிய கேள்வி பராமரிப்பு. கால்கள் பொருத்தப்பட்ட பிறகு ரோபோனாட்டில் மின்கோளாறுகள் தோன்றின. வீரர்களின் நேரத்தை மிச்சப்படுத்தச் சென்ற இயந்திரத்தைச் சரிசெய்ய அவர்களே நேரம் செலவிட வேண்டியிருந்தது. பழுது தீராமல் 2018இல் அது பூமிக்குக் கொண்டுவரப்பட்டது. 2008இல் நிலையத்துக்குச் சென்ற கனடாவின் டெக்ஸ்டர் முகமில்லாத, இரு கைகள் மட்டுமே கொண்ட இயந்திரம். தரையிலிருந்து இயக்கப்பட்டு, வீரர்கள் உறங்கும் நேரத்தில்கூட வெளிப்புற வேலைகளைச் செய்து முடிக்கிறது. இன்றைய நிலையத்துக்கு அதுவே சிறந்த உதவியாளர் என்பது என் கருத்து.

மனிதனையொத்த கை இன்றியமையாததாவது, செவ்வாய் போன்ற தொலைவில் மனிதருக்காகக் கட்டப்பட்ட ஓரிடம் மாதக்கணக்கில் ஆளின்றி இருக்கும்போதுதான். செவ்வாய்க்கு ஒரு சமிக்ஞை சென்றுசேர ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும். இறுகிப்போன ஒரு திருகாணியை மேலும் முறுக்குவதா, நிறுத்துவதா என்பதை, பூமியின் பதிலுக்குக் காத்திராமல் அந்த இயந்திரமே உணர்ந்து முடிவு செய்ய வேண்டியிருக்கும். ஆகவேதான் ஆய்வாளர்களின் உழைப்பு முகத்தின் மீது அல்ல, விரல்நுனி உணரிகளின் மீது குவிய வேண்டும் என்று விரும்புகிறேன்.