ஈரத் துண்டும் படர்தாமரையும்

வாசகர்களின் உடல்நலக் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர், சேர்வராயன் மலைக் கிராமங்களில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது சேலத்தில் வசிப்பவர்.

என் வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். தொடை இடுக்கில் படர்தாமரை வந்தது. மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆயின்மென்ட்டைப் போட்டால் இரண்டே நாளில் அரிப்பு நிற்கிறது. நிறுத்தினால் முன்னைவிட அகலமாக வருகிறது. இப்போது எனக்கு இடுப்பிலும், பையனுக்குக் கழுத்திலும் வந்துவிட்டது. எல்லோரும் இரண்டு வேளை கிருமிநாசினி சோப்புப் போட்டுத்தான் குளிக்கிறோம். ஏன் போகமாட்டேன் என்கிறது?
— வாசகி, அம்மாப்பேட்டை

அந்த ஆயின்மென்ட் ட்யூபை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படியுங்கள் அம்மா. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது பெயர் இருந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது பூஞ்சையைக் கொல்லாது. பூஞ்சையோடு உடம்பு போடுகிற சண்டையைத்தான் நிறுத்தும். சண்டை நின்றால் சிவப்பும் அரிப்பும் அடங்கும், குணமாகிவிட்டது என்று நாம் நினைப்போம், பூஞ்சை நிம்மதியாகப் பரவும். மாதக்கணக்கில் போட்டால் தொடைத் தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும். அந்தக் கோடு பிறகு போகாது. இந்த மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. ஆனாலும் கடையில் கேட்டால் கொடுக்கிறார்கள், நாமும் வாங்குகிறோம். எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு.

மூன்று பேரும் ஒரே நாளில் ஜி.எச்.சில் தோல் பிரிவுக்குப் போங்கள். அவருக்கு மட்டும் மருந்து வாங்கினால் உங்களிடமிருந்து அவருக்குத் திரும்ப வரும். மருத்துவர் கொடுக்கிற களிம்பை வட்டத்தின் மேல் மட்டும் தடவாமல், ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை தடவ வேண்டும். தோல் பார்வைக்குச் சரியான பிறகும் சுமார் இரண்டு வாரம் தொடர வேண்டும். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். அரிப்பு நின்ற அன்றே ட்யூபை மூடி வைத்துவிடுகிறார்கள்.

இனி குளியல். இரண்டு வேளை குளிப்பது நல்லது, சாதாரண சோப்பே போதும். நான் கேட்பது குளித்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான். பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். குளியலறைக் கதவில் ஓர் ஆணி, அதில் ஒரே ஈரிழைத் துண்டு. காலையில் அப்பா துவட்டினது காய்வதற்குள் அம்மா, அம்மா துவட்டினது காய்வதற்குள் பையன். அந்தத் துண்டை மூக்கருகில் வைத்துப் பாருங்கள், புளித்த வாடை வரும். படர்தாமரைப் பூஞ்சைக்கு வேண்டியது கொஞ்சம் சூடும் கொஞ்சம் ஈரமும்தான். தறிப்பட்டறை வெக்கையில் பத்து மணி நேரம் வியர்வையில் நின்றவர், வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அரைகுறையாகத் துவட்டி ஜட்டியைப் போட்டால் ராத்திரி முழுக்க அதே ஈரம்தான். நம் ஊரில் யாரும் தண்ணீர் ஊற்றிக் குளிக்காமல் இல்லை. காயவிடுவதில்தான் கஞ்சத்தனம் செய்கிறோம்.

ஆளுக்கொரு துண்டு வையுங்கள். தொடை இடுக்கைக் கடைசியில் துவட்டி, ஐந்து நிமிஷம் மின்விசிறிக்கு எதிரே காற்றாட விட்டு அப்புறம் உடுத்தச் சொல்லுங்கள். மூவரின் துணியையும் சுடுதண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி வெயிலில் போடுங்கள். ஜட்டியின் எலாஸ்டிக், தையல் மடிப்பு இரண்டையும் இஸ்திரி போடுங்கள்.

இன்னொன்று, யாரும் யோசிக்காத சமாசாரம். உங்கள் வீட்டுக்காரர் அரணாக்கயிறு கட்டியிருக்கிறாரா? அந்தக் கறுப்புக் கயிறு எந்நேரமும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு இடுப்பைச் சுற்றி உரசிக்கொண்டே இருக்கும். எத்தனை களிம்பு போட்டாலும் கயிற்றில் ஒட்டியிருக்கிற பூஞ்சை திரும்பத் திரும்ப வரும். குணமாகும் வரைக்காவது அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். மனசு ஒப்பவில்லை என்றால் வெள்ளியில் போட்டுக்கொண்டு தினம் கழுவித் துடைக்கலாம். வெள்ளி வேலைக்கு நம் ஊரில் ஆளா இல்லை?

ஏற்காட்டில் இருக்கிறோம். மழைக்காலத்தில் மாதவிலக்குத் துணி காய்வதே இல்லை. வெளியே போட அம்மா விடுவதில்லை, கதவுக்குப் பின்னால்தான் போடச் சொல்கிறார். பாதி ஈரத்தோடு உடுத்துவதால் அரிப்பும் புண்ணும் வருகிறது.
— கல்லூரி மாணவி

கண்ணு, நீ எழுதியது நல்லது. உன் மாதிரி பெண்கள் மலையில் நிறையப் பேர், வாய் திறந்து சொன்னவர்கள் கொஞ்சம்தான். ஐப்பசியில் மூடுபனி இறங்கினால் கொடியில் போட்ட சேலை மூன்றாம் நாளும் கனமாகவே தொங்கும், எனக்குத் தெரியும். ஆனால் இதே மலையில் காப்பிப் பழத்தைக் களத்தில் பரப்பி, வெயில் நகர நகரக் கிளறிவிட்டு, மேகம் கவிந்தால் ஓடிப்போய் மூடுகிறோம். ஈரம் நின்றால் பூஞ்சை பிடித்து விலை போகாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வெயிலில் ஒரு முழம் மகளின் துணிக்கும் வேண்டும். இந்தப் பத்தியை அம்மாவிடம் படித்துக் காட்டு.

துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசு. சுடுதண்ணீரில் போட்டால் கறை உறைந்துவிடும். அப்புறம் சோப்புப் போட்டுத் துவைத்துச் சுத்தமாக அலசி, நேர் வெயிலில் காயவை. வெயில் இல்லாத நாளில் நன்றாகப் பிழிந்து, காற்றோட்டத்தில் போட்டு, உடுத்தும் முன் சூடாக இஸ்திரி போடு. தொட்டால் ஜில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். அடுத்த மாதத்துக்கு எடுத்து வைப்பது பருத்திப் பையில் இருக்கட்டும், பிளாஸ்டிக் கவரில் வேண்டாம். துணியானாலும் நாப்கினானாலும் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். போக்கு குறைவாக இருக்கிறது என்று காலையில் வைத்ததைச் சாயங்காலம் வரை வைத்திருக்கக் கூடாது.

பத்து வயது முதல் பத்தொன்பது வரை உள்ள பெண்களுக்கு அரசு புதுயுகம் திட்டத்தில் நாப்கின் இலவசமாகத் தருகிறது. உன் வயது அதற்குள் இருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கூச்சப்படாமல் கேள். அது உன் உரிமை. மழைக்காலத்தில் மட்டுமாவது அதைப் பயன்படுத்தலாம்.

புண் இருக்கிறது என்பதால் சோப்பையோ கிருமிநாசினியையோ உள்ளே விட்டுக் கழுவாதே. உள்ளே இருக்கிற நல்ல கிருமிகள் லேசான அமிலத்தை உண்டாக்கி அந்த இடத்தைக் காத்துக்கொள்ளும். நாம் கழுவினால் அது கெட்டுவிடும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவி ஒற்றி எடுத்தால் போதும். வாடையில்லாத வெள்ளை சாதாரணம்தான். தயிர்த் திப்பி மாதிரி வந்து அரித்தாலோ, மீன் வாடை அடித்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டு. இப்போது இருக்கிற புண்ணையும் அப்போதே காட்டிவிடு.

கையுறை போட்டுக் கொடுக்கிற கடையில் மட்டும்தான் தட்டுவடை செட் சாப்பிடுகிறேன். சரிதானே?
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை

தம்பி, அந்தக் கையுறை எதையெல்லாம் தொடுகிறது என்று ஒரு ஐந்து நிமிஷம் நின்று பார். துருவின பீட்ரூட்டையும் கேரட்டையும் அள்ளுகிறது, ரூபாய் நோட்டை வாங்குகிறது, சில்லறை எண்ணுகிறது, திரும்ப அள்ளுகிறது. காலையில் மாட்டிய கையுறை இரவு வரை கழுவப்படுவதே இல்லை. வெறுங்கையாவது பிசுபிசுத்தால் கழுவத் தோன்றும். என்னைக் கேட்டால் காசு வாங்க ஒரு ஆள், செட் போட ஒரு ஆள் என்று இருக்கிற கடைதான் நல்ல கடை. செட்டில் தட்டுவடை எண்ணெயில் வெந்தது, அதனால் பயமில்லை. துருவலும் சட்னியும் பச்சையாகச் சேர்ப்பவை. கையும் தண்ணீரும் சுத்தமாக இருக்க வேண்டியது அவற்றுக்குத்தான்.

அடுத்து, வண்டியின் ஓரத்தில் தொங்குகிற துணியைப் பார். தட்டைத் துடைப்பதும் அதில்தான், கழுவின கையைத் துடைப்பதும் அதில்தான். ஈரக் கையில் கிருமி ஒட்டுவதும் ஈரக் கையிலிருந்து மற்றதற்குப் போவதும், காய்ந்த கையைவிட மிகவும் அதிகம். அழுக்குத் துணியில் துடைப்பதற்குக் கையை உதறிக் காற்றில் காயவிடுவது எவ்வளவோ மேல்.

கை கழுவுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்குப் பிரசவம் பார்க்கிற எங்களுக்கெல்லாம் ஒரு டாக்டர் பெயர் மனப்பாடம்: இக்னாஸ் செம்மல்வைஸ். 1847-ல் வியன்னா பொது மருத்துவமனையில் பிரசவித்த தாய்மார்கள் காய்ச்சல் வந்து கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு டாக்டர்கள் பிரசவ வார்டுக்கு வருவதுதான் காரணம் என்று அவர் கண்டுபிடித்து, குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேர் செத்த வார்டில், சில மாதத்திலேயே அது 2 பேர் அளவுக்கு இறங்கியது. கிருமியால் நோய் வருகிறது என்பதையே மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ளாத காலம் அது.

நீயும் சாப்பிடும் முன் கழுவு. சோப்புப் போட்டு இருபது வினாடி, கட்டை விரலும் நகக்கண்ணும் சேர்த்து. சானிடைசர் என்றால் ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எண்ணெய்க் கையில் அது எடுபடாது.

காதில் குரும்பி சேர்கிறது. வாரம் ஒருமுறை பட்ஸ் போடுகிறேன். எண்ணெய் காய்ச்சி விடலாமா?
— வாசகர், ஆத்தூர்

இரண்டும் வேண்டாம் ஐயா. குரும்பி காதுக்குக் காவல், தானாகவே வெளியே வரும். பட்ஸ் அதை உள்ளே தள்ளித்தான் அடைக்கும். சாவியும் ஹேர்பின்னும் அதைவிட மோசம். செவிப்பறையில் ஓட்டை இருந்து தெரியாமல் எண்ணெய் விட்டால் சீழ் பிடிக்கும். காது மந்தமாக இருந்தால் மருத்துவர் எடுத்துவிடுவார்.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ராத்திரியில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு அழுகிறாள். பல்லையும் கடிக்கிறாள். இனிப்பு அதிகம் தின்பதால் பூச்சி என்கிறார் மாமியார்.
— வாசகி, ஓமலூர்

பூச்சி என்பதில் மாமியார் சொல்வது சரியாக இருக்கலாம், இனிப்பால் என்பது தப்பு. பல் கடிப்பதற்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. இது கீரைப்பூச்சியாக இருக்கும். வெள்ளை நூல் துண்டு மாதிரி சின்னதாக இருக்கும். பெண் பூச்சி ராத்திரியில் வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும். பிள்ளை சொறியும், முட்டை நகக்கண்ணில் ஏறும், காலையில் அதே விரல் வாய்க்குப் போகும். சுற்று முடிவதே இல்லை.

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். ஒரு வாரமாவது காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அடிப்பாகத்தைக் கழுவிக் குளிப்பாட்டி ஜட்டியை மாற்றுங்கள். ராத்திரி இட்ட முட்டை அதோடு போகும். போர்வையை உதறாமல் சுருட்டி எடுத்துச் சுடுதண்ணீரில் துவையுங்கள். உதறினால் முட்டை அறை முழுக்கப் பறக்கும். மருத்துவரிடம் கேட்டு அல்பெண்டசோல் மாத்திரை, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. இரண்டு வயதுக்கு மேல் 400 மில்லிகிராம், மென்று தின்ன வேண்டும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் குடற்புழு நீக்க நாளில் பள்ளியில் கொடுக்கிற மாத்திரையும் இதுதான். அன்றைக்கு லீவு போட வைக்காதீர்கள்.

ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். பாத்ரூம் போக அனுமதி கேட்க வேண்டும், கூட்ட நேரத்தில் விடமாட்டார்கள். அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. அடிக்கடி நீர்க்கடுப்பு.
— வாசகி, சேலம்

தங்கச்சி, இது உன் சுத்தக்குறைவால் வந்தது இல்லை. முதலில் அதை மனதிலிருந்து எடுத்துவிடு. பெண்ணின் சிறுநீர்ப் பாதை சுமார் நான்கு சென்டிமீட்டர்தான். ஆசனவாயருகே இருக்கிற ஈ.கோலை கிருமி அதில் ஏறுவது சுலபம். ஏறினதை வெளியே அடித்துக்கொண்டு போவது சிறுநீர்தான். நீ குடிக்காமலும் போகாமலும் அடக்கினால் கிருமிக்கு உள்ளே தங்கிப் பெருக நேரம் கிடைக்கிறது. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போயே ஆக வேண்டும். கழுவும்போது முன்னாலிருந்து பின்னால். கைப்பையில் சுத்தமான பருத்தித் துணித் துண்டுகள் வைத்துக்கொண்டு ஒற்றி எடு, ஈரத்தோடு உள்ளாடை போடாதே. காய்ச்சலும் குளிரும் முதுகு வலியும் வந்தால் சிறுநீரகம் வரை போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.

கடைகளில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் திருத்தினார்கள். நின்றுகொண்டே இருப்பதுகூடத் தப்பு என்று சட்டம் சொல்கிற ஊரில், ஒன்றுக்குப் போக அனுமதி கேட்க வைப்பது கொடுமை. கூட வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் சேர்ந்து முதலாளியிடம் பேசுங்கள், தனியாகப் போகாதே. இதைப் படிக்கிற கடைக்காரர்களுக்கும் சொல்கிறேன். ஐந்து நிமிஷம் ஆள் இல்லாவிட்டால் ஒரு சேலை விற்காமல் போகலாம். அந்தப் பெண்ணுக்குச் சிறுநீரகம் போனால் யார் தருவது?

மாமியாருக்கு எழுபத்தைந்து வயது, சர்க்கரை உண்டு. ஏற்காட்டுக் குளிரில் மார்கழியில் தினமும் தலைக்குக் குளித்தே ஆக வேண்டும் என்கிறார். தோல் வெடித்து அரிக்கிறது.
— வாசகி, நாகலூர்

இந்த வயதில் அந்தக் குளிரில் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும் அம்மா. குளிக்காத நாளில் முகம், அக்குள், மார்புக்கு அடியில், தொடை இடுக்கு, பாதம் இவற்றை வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்துவிட்டால் சாமி கும்பிட அதுவே சுத்தம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். தண்ணீரின் சூட்டை நீங்கள் முழங்கையால் பார்த்துக் கொடுங்கள். சர்க்கரைக்காரர்கள் பலருக்குக் காலில் சூடு தெரியாது, வெந்துபோனாலும் உணர மாட்டார்கள். துவட்டிய உடனே கை கால் தோலில் தேங்காய் எண்ணெய் தடவலாம். விரல் இடுக்கில் மட்டும் எண்ணெய் படக்கூடாது. அங்கே மெல்லிய துணியை நுழைத்து ஈரம் போகத் துடைத்து, வெளிச்சத்தில் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். கொப்புளமோ வெடிப்போ தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றே கூட்டிக்கொண்டு போங்கள்.