நோலன் ரயன் பத்தி கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

முத்து: பேஸ்பால் அவ்வளவா தெரியாது சார். இந்த ரயன் ஏன் இவ்ளோ பேமஸ்?

27 சீசன் ஆடுன பிட்ச்சர், அதாவது பேட்ஸ்மேனுக்கு பந்து வீசுறவர். 1966ல நியூயார்க் மெட்ஸ்ல ஆரம்பிச்சு 1993ல டெக்சஸ் ரேஞ்சர்ஸ்ல முடிச்சார். 5714 ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக் போட்டு பேட்ஸ்மேனை அவுட் ஆக்குறது), 7 நோ-ஹிட்டர், ரெண்டுமே இன்னும் ரெக்கார்ட். முழு மேட்ச்லயும் எதிர் டீமுக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடிச்சு பத்திரமா பேஸ் சேர்றது) குடுக்காம முடிச்சா அது நோ-ஹிட்டர். ஏழாவதை 1991 மே 1ல டொராண்டோவுக்கு எதிரா போட்டார், அப்போ வயசு 44.

ரகு: ஸ்பீடு எவ்ளோ? ஷோயப் அக்தரை விட வேகமா?

1974ல அளந்தப்ப 100.9 மைல், அதாவது 162 கிலோமீட்டர். ஆனா அப்போ அளந்தது பந்து பேட்ஸ்மேன்கிட்ட வர்ற இடத்துல, இப்போ கையை விட்டு கிளம்பும்போதே அளந்துடுறாங்க. அதனால அந்த நம்பரை இன்னைக்கு நம்பரோட நேரா வைக்காதீங்க. கிரிக்கெட்டோட ஒப்பிடவே ஒப்பிடாதீங்க, இங்க முழங்கையை மடக்கி வீசலாம், பந்து தரையில குத்த வேண்டியதில்ல.

செல்வி: சுவாரசியமா ஒரு மேட்ச் சொல்லுங்க அண்ணா

1973 ஜூலை 15, டெட்ராய்ட். அன்னைக்கு 17 ஸ்ட்ரைக்அவுட், ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ், இன்னும் ஒரே ஒரு அவுட் எடுத்தா நோ-ஹிட்டர். டெட்ராய்ட் பேட்ஸ்மேன் நார்ம் கேஷ் பேட்டுக்கு பதிலா ஒரு டேபிள் காலை தூக்கிட்டு வந்து நிக்கிறார்! அம்பயர் திருப்பி அனுப்பி ஒழுங்கா பேட் எடுத்துட்டு வரச் சொன்னார். எடுத்துட்டு வந்தும் சும்மா மேல தூக்கி அடிச்சு கேட்ச் ஆயிட்டார்.

கணக்குப்பிள்ளை: 324 வின், 292 லாஸ், வருஷத்தோட சிறந்த பிட்ச்சருக்கு குடுக்குற சை யங் அவார்டு ஒண்ணுகூட கிடையாது. இன்னொரு பிட்ச்சர் சாண்டி கோஃபாக்ஸ் 3 வாங்கிட்டு 30 வயசுலயே ரிட்டயர் ஆனார். அவர்தான் கிரேட்.

வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். வின்-லாஸை வெச்சு பிட்ச்சரை எடை போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? 1987ல ஹூஸ்டன் டீம்ல ரயன் 8 வின், 16 லாஸ். அதே வருஷம் நேஷனல் லீக்லயே கம்மி ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா பிட்ச்சர் குடுக்குற ரன், கம்மியா இருந்தா நல்லது) அவரோடது 2.76, ஸ்ட்ரைக்அவுட்லயும் அவர்தான் முதல், 270. சொந்த டீம் ரன் அடிக்கலன்னா பிட்ச்சர் என்ன பண்ணுவார்? 1973ல 383 ஸ்ட்ரைக்அவுட் எடுத்து கோஃபாக்ஸோட ஒரு சீசன் ரெக்கார்டான 382ஐ தாண்டினார், அவார்டு போனது ஜிம் பால்மர்ங்கிற பிட்ச்சருக்கு. ஆனா அதுல எனக்கு கோவம் இல்ல, பால்மர் 22-9, ஈஆர்ஏ 2.40, நியாயமாத்தான் குடுத்தாங்க.

கணக்குப்பிள்ளை: அப்போ 2795 வாக்?

அது நியாயமான கேள்வி. நாலு பால் தப்பா போட்டா பேட்ஸ்மேன் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போவான், அதுதான் வாக். அதுலயும் ரயன்தான் முதல், ரெண்டாவது இருக்குற ஸ்டீவ் கார்ல்டன் 1833, கிட்டத்தட்ட ஆயிரம் கம்மி. இதை மறைக்க ஒண்ணுமில்ல. ஹிட் அடிக்க விடமாட்டார், சும்மா நடக்க விட்டுடுவார், அதே வேகம்தான் ரெண்டுக்கும் காரணம். கன்ட்ரோலுக்காக வேகத்தை குறைச்சிருந்தா வாக் குறைஞ்சிருக்கும், 7 நோ-ஹிட்டர் வந்திருக்குமான்னு எனக்கு சந்தேகம். ஒரு அஞ்சு வருஷத்துக்கு ஆள் வேணும்னா நானும் கோஃபாக்ஸைத்தான் எடுப்பேன், போதுமா?

கணக்குப்பிள்ளை: அதைத்தானே நானும் சொல்றேன்

இல்ல, நீங்க ரயன் கிரேட்டே இல்லன்னு சொன்னீங்க. மேல இருக்கு பாருங்க.

தினேஷ்: ஒரே மேட்ச்ல 235 பந்து போட்டாராமே, நிஜமா?

1974 ஜூன் 14, பாஸ்டனுக்கு எதிரா 13 இன்னிங்ஸ், 19 ஸ்ட்ரைக்அவுட், 10 வாக். அன்னைக்கு கோச் எண்ணின கணக்கு 235. தயவுசெஞ்சு இதை காட்டி பசங்களை உசுப்பேத்தாதீங்க.

பாலா: ஸ்பீடு எவ்ளோ ப்ரோ? அக்தரை விட அதிகமா?

ரகுவுக்கு சொன்னதை படிங்க.

மீனா: வென்ச்சுராவை அடிச்சது?

1993 ஆகஸ்ட் 4. ரயன் போட்ட பந்து மேல பட்ட கோவத்துல பேட்ஸ்மேன் வென்ச்சுரா, 26 வயசு பையன், ஓடி வந்தான், 46 வயசு ரயன் அவன் கழுத்தை பிடிச்சு குத்தினார். ரெண்டு பேர்ல வெளிய அனுப்பினது பையனைத்தான். வீடியோ தேடினா வரும், இதைவிட பேச நிறைய இருக்கு.

அகிலா: என் பையனுக்கு 10 வயசு, அமெரிக்காவுல லிட்டில் லீக் ஆடுறான். ரயன் மாதிரி நிறைய போட்டாத்தான் கை பலமாகும்னு அவங்க அப்பா சொல்றார்.

வேணாம்மா. அந்த வயசுக்கு ஒரு நாளைக்கு 75 பந்துதான் லிமிட், அதுக்கப்புறம் ரெஸ்ட் நாளும் ரூல்லயே இருக்கு. ரயனுக்கே 1993 செப்டம்பர்ல சியாட்டில்ல முழங்கை லிகமென்ட் கிழிஞ்சுதான் கேரியர் முடிஞ்சது. இதை அவர்கிட்ட அப்படியே காட்டுங்க.

சுரேஷ்: 100 மைல்னா கிலோமீட்டர்ல எவ்ளோ?

கால்குலேட்டர் இருக்குல்ல தம்பி.