தனியாகப் படகில் உலகைச் சுற்றுபவர் தூங்கும்போது சுக்கானை யார் பிடிப்பார்?

சிறிய பாய்மரப் படகில் தனி ஆளாக உலகைச் சுற்றுபவர் உறங்கும் நேரத்தில் படகை யார் செலுத்துவார் என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால், காற்றுதான்.

நான் மாலுமி இல்லை; காரைக்குடியில் பழைய வீடுகளின் தேக்குத் தூண்களையும் நிலைக்கதவுகளையும் பழுதுபார்ப்பவன். ஆயினும், இருபது ஆண்டுகளுக்கு முன் தொண்டியில் நண்பர் ஒருவரின் பாய் வள்ளத்தில் ஓர் இரவு போயிருந்தபோது, அவர் சுக்கான் பிடியைக் கயிற்றால் கட்டிவிட்டு, தூக்குவாளியைத் திறந்து சாவகாசமாகப் பழையசோறு சாப்பிட்டதைப் பார்த்ததிலிருந்து இந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. பதறிப்போய்க் கேட்டதற்கு, "பாயும் சுக்கானும் ஒத்து நின்னா அது பாட்டுக்குப் போகும்ணே" என்றார்.

1895 ஏப்ரலில் பாஸ்டனில் புறப்பட்டு, 1898 ஜூனில் பயணத்தை முடித்து, உலகைத் தனியே சுற்றிய முதல் மனிதரான ஜோசுவா ஸ்லோக்கம் செய்ததும் இதுவே. ஆஸ்திரேலியாவின் வடமுனையை அடுத்த தர்ஸ்டே தீவிலிருந்து இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகள் வரையிலான 2,700 மைலை அவர் தம் 'ஸ்ப்ரே' படகில் 23 நாட்களில் கடந்தார். அத்தனை நாட்களிலும் சேர்த்து 3 மணி நேரத்துக்கு மேல் தாம் சுக்கானைப் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்.

பிற்காலத்தில் இதற்கென்றே படகின் பின்புறம் ஒரு காற்றுத் தகட்டைப் பொருத்தத் தொடங்கினார்கள். படகு தன் போக்கிலிருந்து விலகினால் காற்று தகட்டின் பக்கவாட்டில் மோதி அதைச் சாய்க்கும். அந்தச் சாய்வு நீருக்குள் தொங்கும் துடுப்பைச் சற்றே திருப்ப, ஓடும் நீரின் விசை துடுப்பை ஒருபுறம் தள்ளும். துடுப்போடு கட்டிய கயிறு சுக்கானை இழுத்துப் படகைப் பழைய கோணத்துக்குக் கொண்டுவரும். மின்சாரமே வேண்டாம். ஒரே சிக்கல், இது திசைகாட்டியைப் பார்த்து ஓட்டுவதில்லை. நடு இரவில் காற்று திரும்பினால் படகும் கூடவே திரும்பிவிடும்.

தூக்கமும் நாம் தூங்குவது போன்றதில்லை. அடிவானத்தில் தென்படும் சரக்குக் கப்பல் அரை மணிக்குள் பக்கத்தில் வந்துவிடக்கூடும் என்பதால், கப்பல் தடங்களில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து சுற்றிலும் பார்த்துவிட்டுப் படுக்கிறார்கள். கப்பல்கள் அரிதான, அண்டார்டிகாவைச் சுற்றிய தென்கடலில் கூடுதலாக உறங்கலாம்.

என்னைக் கேட்டால், தூக்கத்தைவிடப் பெரிய பாடு பழுதுபார்ப்பதுதான். 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மத்திலிருந்து கிளம்பி, எங்கும் நிற்காமல் தனியே உலகைச் சுற்றி 1969 ஏப்ரல் 22 அன்று திரும்பிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் 'சுஹைலி' நம் மும்பையில் தேக்கு மரத்தில் கட்டிய 32 அடிப் படகு. (தேக்கு என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்ததைச் சொல்ல வேண்டியதில்லை.) ஆஸ்திரேலியாவை நெருங்கும்போது அவருடைய தானியங்கிச் சுக்கான் கருவி உடைந்தே போனது, மீதித் தூரத்தைப் பாய்களைச் சமன்செய்தே ஓட்டினார். 2018இல் அந்தப் பயணத்தின் நினைவாக நடந்த போட்டியில், சுஹைலியின் மாதிரியில் கட்டிய 'துரியா'வில் சென்ற இந்திய மாலுமி அபிலாஷ் டோமி, புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டு, அசைய முடியாமல் கிடந்து மீட்கப்பட்டார். 2022இல் மறுபடி கிளம்பி இரண்டாம் இடம் பிடித்தார் என்பது தனிக்கதை.

நாக்ஸ்-ஜான்ஸ்டனின் பயணத்தில், அந்தச் சுக்கான் கருவி உடைவதற்கும் முன்பே, அட்லாண்டிக்கில், சுஹைலியின் அடிப்பலகைகளுக்கிடையே நீர் கசியத் தொடங்கியது. கலம் கட்டுவோர் கலப்பற்று என்று சொல்லும் அடைப்பு வேலையை, அவர் கடலில் குதித்து, மூச்சடக்கி மூழ்கி மூழ்கி எழுந்து, இடுக்கில் பருத்தித் திரியைத் திணித்துச் செய்திருக்கிறார். நடுவே சுறா ஒன்று வட்டமிட, மேலேறி அதைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டு, மறுபடி இறங்கியிருக்கிறார். ஒரு நிலைக்கதவின் பிளவை அடைக்க எனக்கு நல்ல வெளிச்சமும், உளியை எடுத்துக் கொடுக்க ஓர் ஆளும் வேண்டியிருக்கிறது.