யாழ்ப்பாணத்தைச் சுற்றி ஆளரவம் குறைந்த இடங்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நகரம் வளர வளர, கொஞ்ச நேரம் தனிய இருக்க ஓர் இடம் கிடைக்குமா என்று பலரும் கேட்கிறார்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சைக்கிளில் குடாநாட்டைச் சுற்றுவதும் பறவை பார்ப்பதும் என் நெடுநாள் பழக்கம். அந்தப் பழக்கத்தில் தெரிந்ததைத்தான் சொல்கிறேன்.

கொக்குவிலில் இருக்கிறேன். எட்டரைக்கு வேலை. அதற்கு முன் ஒரு மணித்தியாலம் தனிய இருக்க வேண்டும். பண்ணைக் கடற்கரைக்குப் போனால் நடக்க வருகிற சனம்தான்.

பண்ணையை விடுங்கள். காக்கைதீவு தாண்டி அராலிக்குப் போகிற கல்லுண்டாய் வீதியைப் பிடியுங்கள். இடையில் குப்பை கொட்டுகிற இடம் வரும், மணக்கும். அதைக் கடந்தால் வெளிதான். அராலிப் பக்கம்தான் வழுக்கையாறு கடலோடு சேர்கிறது. மாரியில் மட்டும் ஓடுகிற ஆறு அது. வலிகாமத்து வயல் வெள்ளத்தை எல்லாம் கொண்டுவந்து பரவைக்கடலில், அதாவது ஆழம் குறைந்த நீரேரியில் விடும்.

வண்டியை நிறுத்திவிட்டுச் சேற்றுக் கரையில் பத்து நிமிடம் அசையாமல் இருங்கள். நீங்கள் வந்த அதிர்வுக்கு வளைக்குள் ஓடிய சின்ன நண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெருத்திருக்கும். அதைத் தூக்கித் தூக்கி ஆட்டும். கையை அசைத்தீர்களோ, அவ்வளவும் ஒரே நேரத்தில் மறைந்துவிடும். வேலைக்குப் போகும் முன் இதைப் பார்த்துவிட்டுப் போனால் அந்த நாளே வேறு மாதிரி இருக்கும். ஐந்தரைக்கே வெளிக்கிடுங்கள், ஏழு மணிக்குப் பிறகு வீதியில் வாகனம் கூடிவிடும்.

பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன், ஊர் மலையகம். யாழ்ப்பாணத்தில் காடு என்று ஒன்று இருக்கிறதா?

தங்கச்சி, நீங்கள் நினைக்கிற மாதிரிக் காடு இங்கே இல்லை. குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். மலை கிடையாது, வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. நல்ல மண் இருந்த இடமெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தோட்டமாகவும் வயலாகவும் வளவாகவும் ஆகிவிட்டது. மரம் மூடிய இடத்தைத் தேடினால் ஏமாந்து போவீர்கள். இங்கே தனிமை வேண்டுமென்றால் வெளிக்குப் போக வேண்டும்: மாடு மேய்கிற தரவை, வயல்வெளி, பரவைக்கடல் கரை, மணல். "அங்கே என்ன இருக்கு, ஒண்டுமில்லை" என்று ஊர்ச் சனம் சொல்கிற இடமா? அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இருந்தாலும் காடு என்று பெயர் பெற்ற இரண்டு இடங்களைச் சொல்கிறேன். ஒன்று, தென்மராட்சியில் சரசாலைக் குருவிக்காடு. நீரேரியை ஒட்டிக் கண்டல் மரங்கள் அடர்ந்து நிற்கும், பின்னேரம் பறவைகள் கூட்டமாக அடையும். உள்ளே நுழையாமல் வெளியே நின்று பாருங்கள். அடைகிற நேரத்தில் கலைத்தால் அவை இருட்டில் அலையும்.

மற்றது மணற்காடு, வடமராட்சி கிழக்கில். எனக்கு மிகவும் பிடித்த இடம். மணல் மேடுகள், அவற்றை ஒட்டிச் சவுக்கு, மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள். வருகிறவர்கள் அந்தச் சுவருக்கு முன் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் கரையோடு தெற்கே கொஞ்சத் தூரம் நடந்தால் போதும், சத்தம் நின்றுவிடும். சவுக்கின் இரைச்சல் எது, கடல் இரைச்சல் எது என்று பிரித்தறிய முடியாது. காற்று நாட்களில் இராவணன் மீசைப் புல்லின் முள்ளுருண்டைகள் காம்பை விட்டு மணல்மேல் உருண்டோடும். ஒன்று அடம்பன் கொடியில் சிக்கி நிற்கும், அடுத்த காற்றுக்குத் திரும்ப ஓடும். இப்படி உருண்டு போய்த்தான் அந்தப் புல் விதையைப் பரப்புகிறது. அந்தப் புல்லும் அடம்பனும் பிடித்து வைத்திருப்பதால்தான் மேடு மேடாக நிற்கிறது. அவற்றின்மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும்.

தனியாகப் பெண்கள் போகலாமா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பழக்கமில்லாத இடத்துக்கு முதல் தரம் தனியாகப் போகாதீர்கள். ஆணுக்கும் இதைத்தான் சொல்வேன், ஆனால் உங்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்கிறேன். அம்மாவையோ சிநேகிதியையோ கூட்டிக்கொண்டு போய் இடத்தைப் பழகுங்கள். கடற்கரை என்றால் முதலில் மீன் வாடியில் நிற்கிறவர்களிடம் பேசுங்கள். "கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போறோம், ஐயா" என்று சொல்லிவிட்டால் அவர்கள் கண் உங்கள்மேல் இருக்கும். சாராயப் போத்தல் குவிந்து கிடக்கிற இடத்தில் இருக்கவே வேண்டாம். பொழுதுபட்டால் அங்கே யார் வருவார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

வீதி கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே அமைதி கிடைக்கிற இடம் வேண்டுமென்றால் வல்லை வெளி. பருத்தித்துறை பஸ் போய் வரும், மறைவு கிடையாது. இருந்தும் பாலத்தில் இருந்து கொஞ்சம் விலகி நின்றால் காற்றைத் தவிர வேறு எதுவும் காதில் விழாது.

பறவை பார்க்க எந்த மாதம் நல்லது?

மாரி முடிகிற காலம். ஒக்டோபர் கடைசியில் வலசைப் பறவைகள் வரத் தொடங்கும். ஜனவரி, பெப்ரவரியில் நீர் வற்றி, காலளவு ஆழத்துக்கு வரும்போதுதான் கரையில் நின்றே நன்றாகப் பார்க்கலாம். பூநாரை ஆழமான நீரை விரும்பாது. தலையைக் கவிழ்த்து அலகால் சேற்று நீரை வடித்துத் தின்னும். அதனால் "போன கிழமை இங்கே நின்றதே" என்று தேடிப் பயனில்லை, நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் அது இடம் மாறும். மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பக்கம் ஒரு தரம் பாருங்கள். ஒரு முழு நாள் கிடைத்தால் சுண்டிக்குளம். 1938 இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட இடம், 2015 இல் தேசியப் பூங்கா ஆனது. அங்கே முதலை உண்டு, தண்ணீரில் இறங்காதீர்கள்.

கண்ணிவெடிப் பயம் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. முகமாலைப் பக்கம் பல வருடங்களாக அகற்றிக்கொண்டே இருக்கிறார்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் திரும்பிவிடுங்கள். பலகை இல்லாவிட்டாலும், சனம் நடந்து தேய்ந்த பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். பாம்புக்கும் அதுதான் விதி. மணற்பாங்கான இடங்களில் சுருட்டை, மற்ற இடங்களில் புடையன். கடித்தால் கீறாதீர்கள், கட்டாதீர்கள், 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கனடாவில் இருந்து பிள்ளைகளோடு வருகிறோம். நெடுந்தீவு அமைதியாக இருக்குமா?

காலமை படகில் போய்ப் பின்னேரம் திரும்பினால் இருக்காது. குறிகட்டுவானில் ஏறிய அதே கூட்டம்தான் பெருக்கமரத்தடியிலும் கோட்டையிலும் உங்களோடு நிற்கும். ஓர் இரவு தங்குங்கள். கடைசிப் படகு போன பிறகுதான் நெடுந்தீவு நெடுந்தீவாக இருக்கும். முருகைக்கல் வேலிகளுக்கு நடுவே நடந்து போகலாம், அங்கே கட்டாக்காலியாகத் திரிகிற குதிரைகளை ஆறுதலாகப் பார்க்கலாம். அவற்றைத் துரத்திப் படம் எடுக்கப் பிள்ளைகளை விடாதீர்கள், வறட்சியில் அவை தண்ணீருக்கே கஷ்டப்படுகின்றன. நல்ல தண்ணீர் அங்கே அருமை, குடிக்கக் கொண்டு போங்கள்.

சங்குப்பிட்டிப் பாலத்தால் போனால் ஏதாவது இருக்கிறதா?

கௌதாரிமுனை. நிர்வாகப்படி கிளிநொச்சி மாவட்டம், பூநகரிப் பக்கம். பாலம் 2011 இல் திறந்த பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்து போய்வர லேசாகிவிட்டது. மணல் மேடுகளும் நீண்ட கரையும், மண்ணித்தலையில் பழைய சிவன் கோயிலும் உண்டு. வழியில் கடையை நம்பாதீர்கள். சாப்பாடு, தண்ணீர், சக்கரத்துக்குக் காற்றடிக்கிற பம்ப் எல்லாம் கையோடு இருக்கட்டும்.

நல்ல இடம் கண்டால் முகநூலில் போடலாமா?

படத்தைப் போடுங்கள், வழியைப் போடாதீர்கள். யாராவது உண்மையாகக் கேட்டால் தனியாகச் சொல்லுங்கள். இதைச் சுயநலம் என்று நினைக்க வேண்டாம். ஓர் இடம் பிரபலமான பிறகு நடப்பதைப் பார்த்திருக்கிறேன்: முதலில் சாப்பாட்டுப் பார்சல் தாள், பிறகு போத்தல், பிறகு பாட்டுப் பெட்டி. மணல் உள்ள இடம் என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. வடமராட்சி கிழக்கில் களவாக மணல் அள்ளுவது உங்களுக்குத் தெரியும். அந்த மேடுகள் மழைத் தண்ணீரை உறிஞ்சி அடியில் வைத்திருக்கின்றன; கரையோரக் கிணறுகளில் உப்பில்லாத தண்ணீர் வருவது அதனால்தான். மேடு போனால் கிணறும் போகும். டிராக்டர் நிற்பதைக் கண்டால் அந்த ஊர்க் கிராம அலுவலருக்குச் சொல்லுங்கள், நீங்களே போய்த் தர்க்கம் பண்ண வேண்டாம்.

வைகாசி, ஆனியில் சோளகக் காற்று அடிக்கிறது. கடற்கரையில் இருக்கவே முடியவில்லை. எங்கே போகலாம்?

வடக்குக் கரை. சோளகம் தென்மேற்கில் இருந்து வருவதால் காங்கேசன்துறை தொடங்கிப் பருத்தித்துறை வரை தரையால் தாண்டித்தான் கடலுக்குப் போகும். அலை அடங்கி இருக்கும், மணல் முகத்தில் அடிக்காது. வடகிழக்கில் இருந்து வாடைக் காற்று வீசும்போது இதே கரை கொந்தளிக்கும், அப்போது பரவைக்கடல் பக்கம் வந்துவிடுங்கள். காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்குச் சனி, ஞாயிறு போக வேண்டாம். கிழமை நாள், காலமை ஆறு மணி என்றால் அதுவும் நல்ல இடம்தான்.