காட்டில் இருக்கும் கார்பன் யாருடையது? கயானாவை வைத்து ஒரு கேள்வி பதில்

கேள்வி: மேடம், காட்டுக் கார்பன் கொள்கை என்றாலே ஏன் கயானாவைச் சொல்கிறீர்கள்?

பதில்: மரங்கள் பிடித்து வைத்திருக்கும் கார்பன் காற்றில் கலக்காமல் காட்டைக் காப்பதற்குப் பணம் தரும் ஏற்பாடுதான் காட்டுக் கார்பன் கொள்கை. கயானா தென் அமெரிக்காவின் வடக்குக் கரையில் உள்ள சின்ன நாடு. சுமார் 8 லட்சம் மக்கள், ஆனால் நிலத்தில் 85 சதவீதம் காடு. (சென்னையில் கப்பலேறிக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள்.) 2009-ல் அதிபர் பரத் ஜக்தேவ் 'குறைந்த கார்பன் வளர்ச்சித் திட்டம்' கொண்டுவந்தார். காட்டைக் காப்பாற்றினால் 25 கோடி டாலர் வரை தருவதாக அதே ஆண்டு நார்வே ஒப்பந்தம் போட்டது. ஒரு நாடே இந்தக் கொள்கையை அடியிலிருந்து கட்டியதை அங்கே பார்க்கலாம்.

கேள்வி: வெட்டாத காட்டுக்கு எதற்குப் பணம்? அவர்கள் எப்படியும் வெட்டப் போவதில்லையே?

பதில்: பெரிய சண்டையே இதில்தான். பழைய முறையில், நிறைய வெட்டிவிட்டுப் பிறகு குறைத்தவனுக்குப் பணம். முதலிலிருந்தே காத்தவனுக்கு ஒன்றும் இல்லை. கயானாவில் ஆண்டுக்கு 0.1 சதவீதத்துக்கும் குறைவாகவே காடு அழிகிறது. இப்படிப்பட்ட நாடுகளுக்கென்று ஆர்ட்-ட்ரீஸ் தரநிலை, அதாவது காட்டுக் கார்பனைச் சரிபார்த்து கிரெடிட் தரும் ஆர்ட் அமைப்பின் விதிமுறை, தனிக் கணக்கு வைத்தது. 2016 முதல் 2020 வரையிலான காலத்துக்கு 2022 டிசம்பரில் கயானாவுக்குச் சுமார் 3.35 கோடி கிரெடிட்கள் கிடைத்தன. ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கான சான்று, அதை விற்கலாம். எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் 2022-ல் வாங்க ஒப்பந்தம் போட்ட ஹெஸ் நிறுவனம் கயானா கடலிலேயே எண்ணெய் எடுப்பதில் பங்கு வைத்திருந்த நிறுவனம். 75 கோடி டாலருக்குக் குறையாத ஒப்பந்தம் அது. வாங்கியவர் தன் புகையைக் குறைக்காவிட்டால் காற்றுக்கு என்ன லாபம்?

கேள்வி: காட்டில் எவ்வளவு கார்பன் என்று எப்படி அளப்பார்கள் அக்கா?

பதில்: தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் மரத்தைச் சுற்றி டேப் பிடிப்பார்கள். சுற்றளவையும் மரத்தின் அடர்த்தியையும் வைத்து எடை போடுவார்கள். கயானாவின் கிரீன்ஹார்ட் மரம் தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனம். காய்ந்த எடையில் கிட்டத்தட்ட பாதி கார்பன். அதை 3.67-ஆல் பெருக்கினால் கார்பன் டை ஆக்சைடு கணக்கு வந்துவிடும். எங்கே காடு போனது என்பதைச் செயற்கைக்கோள் காட்டும். அங்கே பெரும்பகுதி அழிவு தங்கச் சுரங்கத்தால் வருகிறது. அதனால் வனத்துறை மட்டும் உட்கார்ந்து எழுதும் கொள்கை நிற்காது, சுரங்கத்துறையும் கூடவே இருக்க வேண்டும்.

கேள்வி: பழங்குடி மக்களுக்கு என்ன கிடைத்தது?

பதில்: முதலில் கிரெடிட் விற்ற வருமானத்தில் 15 சதவீதம் நேராகக் கிராமங்களுக்கு என்று ஒதுக்கினார்கள். 2023-ல் இருநூறுக்கும் மேற்பட்ட கிராமங்களுக்குப் பணம் போனது. எதற்குச் செலவிடுவது என்பதை ஊர்க்கூட்டம் முடிவு செய்யும். இது நல்ல ஏற்பாடு. ஆனால் தங்கள் சம்மதத்தை முறையாகக் கேட்கவில்லை என்று கயானாவின் அமெரிந்திய மக்கள் சங்கம் 2023-ல் ஆர்ட் அமைப்பிடம் புகார் கொடுத்தது. கிராமத் தலைவர்களான தொஷாவ்களின் தேசிய அவை 2022-லேயே ஆதரித்துவிட்டது என்பது அரசின் பதில். நான் சங்கத்தின் பக்கம். தலைநகரில் தலைவர் கை தூக்குவதும், மரவள்ளிக்காகக் காட்டைத் திருத்தும் ஒரு பாட்டி சரி என்பதும் ஒன்றல்ல. மேலிருந்து பார்த்தால் அவள் கொல்லையும் தங்கக் குழியும் காட்டில் ஓட்டைகள்தான். ஆனால் கொல்லையைத் தரிசாக விட்டால் சில ஆண்டுகளில் மறுபடி மரம் முளைக்கும், குழியில் அவ்வளவு சுலபத்தில் முளைக்காது.

கேள்வி: விற்ற கார்பனை நாடு தன் சாதனையாகவும் காட்டலாமா?

பதில்: வேறொரு நாடோ விமான நிறுவனமோ அதை வாங்கித் தன் இலக்குக் கணக்கில் எழுதினால் கூடாது. பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தின் 6-வது பிரிவுப்படி அப்போது விற்ற நாடு தன் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ளாமல் சரிக்கட்ட வேண்டும். விமான நிறுவனங்களுக்கான கிரெடிட்களுக்குக் கயானா 2024-ல் அப்படிச் செய்தது.

கேள்வி: கொள்கை எழுத உட்கார்ந்தால் முதலில் எதை எழுதுவீர்கள்?

பதில்: நிலம் யாருடையது, கார்பனை விற்கும் உரிமை யாருக்கு, 'வேண்டாம்' என்று ஒரு கிராமம் சொன்னால் என்ன நடக்கும், இந்த மூன்றையும். விலகிய கிராமத்தின் பரப்பைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதற்குத் தேவை எல்லை குறித்த ஒரு வரைபடம், அதையும் அந்த ஊர்க்காரர்களோடு நடந்து போய்ப் போட வேண்டும்.