சின்ன அண்ணாமலை யார்? அவருடைய புத்தகங்களைப் படிக்கலாமா?

பதிப்பாளர்களின் வாழ்க்கைக் கதைகள் பிடிக்கும் என்றும், சின்ன அண்ணாமலை தன் அனுபவங்களை எழுதிய 'சொன்னால் நம்பமாட்டீர்கள்' புத்தகத்தை இரண்டு மூன்று பேர் சிபாரிசு செய்தார்கள் என்றும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகப் படியுங்கள். எப்படிப் படிப்பது என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

அந்த ஆளின் பெயர் தெரிவதற்கு முன்பே அவர் கதை எனக்குத் தெரியும். எங்கள் அம்மாச்சி பிறந்த ஊர் திருவாடானைப் பக்கம். கல்யாணமாகி மதுரைக்கு வந்து ஐம்பது வருஷம் ஆன பிறகும், கரண்ட் போன ராத்திரிகளில் அவர் சொல்வது அந்த ஊர்க் கதைகளைத்தான். அதில் ஒன்று ஜெயிலை உடைத்த கதை. "தேவகோட்டைச் செட்டியார் வீட்டுப் பையன் ஒருத்தன வெள்ளக்காரன் புடிச்சு அடைச்சுட்டான்டா. மறுநாளு சனம் திரண்டு வந்து, பட்டப்பகல்ல, ஜெயில உடைச்சுக் கூட்டிட்டுப் போயிருச்சு." பையன் பெயர் என்ன என்று கேட்டால் தெரியாது. அம்மாச்சிக்கு அப்போது பத்து வயசு இருக்கும். ராஜா ராணிக் கதைகளோடு சேர்த்து அதையும் நான் மறந்துவிட்டேன்.

1990களின் கடைசியில் சிம்மக்கல் பக்கம் ஒரு பைண்டிங் கடையில் வேலை பார்த்தேன். நூலகங்களில் இருந்து கிழிந்த புத்தகங்கள் மூட்டையாக வரும். பாரம் பாரமாக, அதாவது மடித்த தாள் கட்டுகளாகப் பிரித்து, நூல் போட்டுத் தைத்து, மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து தடவி, கனத்த அட்டை போட்டு அனுப்ப வேண்டும். பசை காயும் வரைக்கும் வேறு வேலை இல்லை, கையில் இருப்பதைப் படிக்கலாம். அப்படித்தான் இந்தப் புத்தகம் கைக்கு வந்தது. அட்டை கிடையாது, முதல் சில பக்கங்களும் கிடையாது. நடுவில் பிரித்தால் திருவாடானை, ஜெயில், கூட்டம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாச்சியின் 'பையன்' தானே உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். பிறந்தது 1920 ஜூன் 18, காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓ. சிறுவயல். 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் வெடித்தபோது வயது 22. மேடைப் பேச்சில் கெட்டிக்காரர். தேவகோட்டைப் பக்கமெல்லாம் அவர் பேச்சுக்குக் கூட்டம் கூடும். அதனாலேயே கைது, அதனாலேயே அந்த ஜெயில் உடைப்பு. அதே மாதம் தேவகோட்டையில் கோர்ட்டுக்குத் தீ வைத்ததும் துப்பாக்கிச் சூடு நடந்ததும் தனிக் கதை.

அப்புறம் சென்னைக்குப் போய் தியாகராய நகரில் 'தமிழ்ப் பண்ணை' என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். நாமக்கல் கவிஞரின் 'தமிழன் இதயம்', 'என் கதை' எல்லாம் அங்கே வந்தவை. ராஜாஜி, கல்கி, டி.எஸ். சொக்கலிங்கம் என்று அவர் புத்தகம் போட்ட ஆட்களின் வரிசை நீளம். சாவியை ஆசிரியராக வைத்து 'வெள்ளிமணி' பத்திரிகை நடத்தினார். காந்தியின் 'ஹரிஜன்' பத்திரிகையைத் தமிழில் கொண்டுவந்தார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 1942 போராட்டத்தை எதிர்த்தவர் ராஜாஜி. அந்த வருஷம் காங்கிரசைவிட்டே விலகியிருந்தார். அந்தப் போராட்டத்துக்காக ஜெயிலுக்குப் போனவர் இவர். நம் ஊரில் இந்த அளவு அபிப்பிராய பேதம் இருந்தால் கல்யாணப் பத்திரிகைகூட வைக்க மாட்டார்கள். இவர் ராஜாஜிக்குப் புத்தகம் போட்டார், கடைசிவரை அவர் பக்தராக இருந்தார், அவர் சொன்ன உவமைகளைத் திரட்டி 'ராஜாஜி உவமைகள்' என்று தனிப் புத்தகமே எழுதினார். அவருடைய முதலீடு பணத்தைவிட மனுஷத் தொடர்புதான் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம். எழுத்தாளர்கள் சாயங்காலம் வந்து உட்கார்ந்து அரட்டை அடிக்கும் இடமாகத் தமிழ்ப் பண்ணை இருந்தது. அரட்டை நடக்கும் இடத்துக்குக் கையெழுத்துப் பிரதி தானாக வரும்.

பைண்டிங் கடைக்கு அப்புறம் மதுரையிலேயே ஒரு பதிப்பகத்தில் மூன்று வருஷம் குப்பை கொட்டினேன், பெயர் வேண்டாம். முதலாளி நல்ல உழைப்பாளிதான், ஆனால் எழுத்தாளர் வாசலில் வந்து நின்றால் "ராயல்டி கேட்க வந்துட்டாரா பாரு" என்பார். கடைசியில் யாருமே வரவில்லை. குடோனில் கட்டுக் கட்டாகப் புத்தகம் கிடந்து கரையான் பிடித்தது. அந்தக் கட்டுகளைப் பிரித்து உதறிய நாட்களில் சின்ன அண்ணாமலையை அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

செட்டிநாட்டுப் பக்கம் பதிப்பாளர்களுக்குப் பஞ்சமே இல்லை. முல்லை முத்தையா, வானதி திருநாவுக்கரசு, தமிழ்வாணன் மூவருமே தேவகோட்டைக்காரர்கள். ராயவரத்தில் பிறந்த சக்தி வை. கோவிந்தன் 1957இல் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தவர். புத்தகத் தொழிலுக்குச் செய்த காரியம் என்று பார்த்தால் கோவிந்தன் ஒரு படி மேலே என்பது என் கட்சி. ஆனால் கூட உட்கார்ந்து காபி சாப்பிட ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யோசிக்காமல் சின்ன அண்ணாமலைதான்.

மதுரையில் பழைய ஆட்களிடம் அவர் பெயரைச் சொன்னால் புத்தகம் நினைவுக்கு வராது. "சிவாஜி மன்றத்துக்காரர்தானே?" என்பார்கள். அதுவும் உண்மைதான். அகில இந்திய அளவில் சிவாஜி ரசிகர் மன்றத்தைக் கட்டியவர் அவர், 'சிவாஜி ரசிகன்' பத்திரிகையையும் நடத்தினார். தங்கம் தியேட்டரில் 'பராசக்தி' பார்த்ததை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லும் தலைமுறைக்கு அவர் அப்படித்தான் பழக்கம்.

இப்போது புத்தகத்துக்கு வருகிறேன். பதிப்புத் தொழிலின் கணக்கு வழக்கு, காகித விலை, கமிஷன் இதெல்லாம் தேடிப் போனால் ஏமாந்துபோவீர்கள். எல்லாம் சின்னச் சின்ன அத்தியாயங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய மனிதர், ஒரு சிக்கல், ஒரு சிரிப்பு. பெரும்பாலான கதைகளில் கதாநாயகன் அவரேதான், கொஞ்சம் மசாலாவும் தூக்கலாக இருக்கும். தலைப்பிலேயே அதை ஒப்புக்கொண்டுவிட்டதால் அவரோடு சண்டை போட முடியாது. ஒரே மூச்சில் படித்தால் இருபதாவது கதையில் சலிப்புத் தட்டும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டு கதை, அதுவும் வீட்டில் யாருக்காவது வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். மேடையில் பேசிப் பழகியவர் எழுதியது, காதால் கேட்டால்தான் சுவை. அவருடைய நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டதால் காசில்லாமல் இணையத்திலேயே படிக்கலாம், திருட்டுப் பிரதியோ என்ற குற்ற உணர்ச்சி வேண்டாம். தாளில்தான் வேண்டும் என்றால் மதுரை தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது தேடிப் பாருங்கள்.

1980 ஜூன் 18 அவருடைய மணிவிழா நாள். அன்றைக்கே காலமானார். பிறந்த தேதியும் இறந்த தேதியும் ஒன்று. இதை அவரே ஒரு அத்தியாயமாக எழுதியிருந்தால் மசாலா என்று ஒதுக்கியிருப்பேன்.

பைண்டிங் முடித்து அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஒரு ராத்திரி வீட்டுக்கு எடுத்துப் போனேன். முதலாளிக்குத் தெரியாது. ஜெயில் கதையை அம்மாச்சிக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். முடித்ததும், "நல்லாத்தான் எழுதியிருக்காரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்குக் கூட்டத்தோட எங்கய்யாவும்தான் போனாரு. அவரு பேரு இருக்கா, பாரு" என்றார்.

திரும்ப ஒருமுறை பக்கம் பக்கமாகப் பார்த்தேன். இல்லை.