ஹீத்ரோ–பாரிஸ்: முக்கால் மணி நேரமா, ஒரு மணி இருபது நிமிடமா?

கேள்வி: லண்டன் ஹீத்ரோவிலிருந்து பாரிஸ் சார்ல்ஸ் து கோல் விமான நிலையத்துக்குச் சீட்டு வாங்க எண்ணியுள்ளேன். தூரம் சுமார் 350 கிலோமீட்டர், பறக்கும் நேரம் முக்கால் மணி என்று ஓர் இணையதளம் சொல்கிறது. சீட்டு விற்கும் தளத்திலோ காலை 10.00 மணிக்குப் புறப்பட்டு 12.20க்குச் சேரும் என்று இருக்கிறது. எதை நம்புவது? பாரிஸ் நகரின் லா சப்பல் பகுதியில் உள்ள உறவினர் வீட்டுக்குச் செல்கிறேன்.
– வாசகி, லண்டன்

பதில்: இரண்டுமே பொய்யல்ல. பாரிஸ் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முந்தியது என்பதால், சீட்டில் உள்ள பயண நேரம் உண்மையில் ஒரு மணி இருபது நிமிடம்தான். முக்கால் மணி என்பது விமானம் வானில் இருக்கும் நேரம் மட்டுமே. நிறுவனங்களின் கால அட்டவணையோ, விமானம் தரிப்பிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறு நிலையத்தின் தரிப்பிடத்தில் நிற்கும்வரை கணக்கிடப்படுகிறது. இரண்டே ஓடுபாதைகள் கொண்ட ஹீத்ரோவில் வரிசையில் காத்திருப்பதும், பரந்து கிடக்கும் சார்ல்ஸ் து கோலில் தரையில் ஊர்வதும் அதில் அடங்கும். தாமதம் என்ற பெயர் வராதிருக்க, நிறுவனங்கள் சற்றுத் தாராளமாகவே நேரம் குறிப்பதும் உண்டு. எனவே சீட்டில் உள்ள நேரத்தையே நம்புங்கள்.

350 கிலோமீட்டர் என்பது பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய தூரம். விமானம் செல்லும் பாதை அதைவிட நீளம். ஆயினும் இழப்பீடு கேட்கும்போது அந்த எண்ணுக்கு மதிப்புண்டு. 1500 கிலோமீட்டர் வரையிலான பயணத்தில், நிறுவனத்தின் பொறுப்பிலுள்ள காரணத்தால் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால், லண்டனிலிருந்து புறப்பட்டவருக்கு 220 பவுண்டும், பாரிஸிலிருந்து புறப்பட்டவருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதியின்படி 250 யூரோவும் உரியவை. கடும் வானிலை போன்ற காரணங்களுக்கு இது பொருந்தாது. சக்கரம் தரையைத் தொட்ட நேரமன்று, விமானத்தின் கதவு திறந்த நேரமே சேர்ந்த நேரம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. ரோமிலிருந்து பிரசல்ஸ் வழியாக ஹாம்பர்க் சென்றவர்களின் வழக்கில், சுற்றிப் பறந்த 1656 கிலோமீட்டரை விட்டு, ரோமுக்கும் ஹாம்பர்க்குக்கும் இடையிலான 1326 கிலோமீட்டரையே கணக்கில் கொள்ள வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2017இல் சொன்னது. ஆகவே மலிவு என்று ஆம்ஸ்டர்டாம் வழியாகச் சீட்டு வாங்கினாலும் இழப்பீட்டுத் தொகை அதிகரிக்காது.

லா சப்பல் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது: எனக்கானால் ரயில்தான். லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலிருந்து யூரோஸ்டார் ரயில் ஏறக்குறைய 2 மணி 20 நிமிடத்தில் பாரிஸின் கார் து நோர் நிலையத்துக்குச் சேர்க்கும். அங்கிருந்து லா சப்பல் நடக்கும் தூரம். விமானத்தில் சென்றால், முன்கூட்டியே ஹீத்ரோ சேர்ந்து காத்திருப்பது ஒருபுறம், இறங்கிய பின் அதே கார் து நோர் வருவதற்கு ஆர்.ஈ.ஆர். பி என்னும் புறநகர் ரயிலில் மேலும் அரை மணி நேரம் மறுபுறம். பாரிஸில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டியவருக்கே ஹீத்ரோ வழி லாபம்.